டிரையரில் காய்ந்த காந்தப் புயல்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட அது மேல். பூமியிலிருந்து பதினைந்து இருபதாயிரம் மைல் தள்ளி மின்னேற்றத் துகள்கள் எப்படி ஓடும் என்று கணக்குப் போட்டவன் நான். பௌதிகத்தில் பட்டம் வாங்கியவன். அப்பேர்ப்பட்டவன், அந்தக் காலத்துக் கம்பியூட்டர் வாசிப்பதற்காக அட்டைக்கு ஒரு வரியாகத் துளை போட்டு வைத்த என் கணக்கின் அறுநூறு அட்டைகளில் ஒன்றில்கூட வரிசை எண் போடவில்லை. அதற்கென்றே ஒவ்வோர் அட்டையின் வலது ஓரத்திலும் எட்டுக் கட்டம் சும்மா விட்டிருப்பார்கள். அதுவும் வேண்டாம், கட்டின் மேல் விளிம்பில் குறுக்காக ஒரு பேனாக் கோடு இழுத்து வையுங்கள், கலைந்தால் கோட்டைப் பார்த்து அடுக்கலாம் என்று கம்பியூட்டர் ஆப்பரேட்டர் படித்துப் படித்துச் சொன்னார். "என் கட்டு ஏன் கலையப் போவுது?" என்று அவரிடமே கேட்டேன்.

இது என் சின்ன மடத்தனம். பெரியதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள். இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது தேயிலைத் தோட்டத்தில், அக்காவோடும் அவளுடைய ஆறு வயது மகளோடும், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரே காம்பிராவில். அப்பாவும் அம்மாவும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அத்தான் மஞ்சள் காமாலையில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அக்கா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஸ்டோருக்கு வேலைக்குப் போனவள். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். டிரையர் என்கிற சூட்டு மெஷினில் காய்ந்து வரும் தேயிலையைச் சலித்து, தண்டு பொறுக்கி, ரகம் ரகமாகப் பிரிப்பது அவள் வேலை. அவள் அங்கே தூசியில் நின்றதால்தான் நான் இங்கே வெள்ளைச் சட்டை போட்டு மாஸ்டர் ஆனேன். இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஒரு தடவையாவது சொல்லிக்காட்டியிருக்கலாம். எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாஸ்டர் உத்தியோகம் போதாது என்று மேல்பட்டம் ஒன்றுக்கும் பதிந்து வைத்திருந்தேன். கொழும்பிலிருந்த பேராசிரியர் கொடுத்த தலைப்பு காந்தப் புயல். அது என்ன என்பதை, என் வகுப்பில் தூங்கும் பிள்ளைகளுக்குச் சொன்ன மாதிரியே சொல்லிப் பார்க்கிறேன். பூமி ஒரு காந்தம். அது தன்னைச் சுற்றி ஒரு பெரிய கூடாரம் போட்டு வைத்திருக்கிறது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள்காற்று அந்தக் கூடாரத்தில் மோதி, இரவுப் பக்கமாக அதை நீண்ட வாலாக இழுத்துவிடுகிறது. உள்ளே இருப்பது பிளாஸ்மா, அதாவது அணுக்கள் உடைந்து மின்னேற்றம் பெற்ற மெல்லிய வாயு. அது ஓரிடத்தில் நிற்காது. தூரத்தில் இருப்பது வாலிலிருந்து கிளம்பி, பூமியை ஒதுக்கிக் கடந்து, பகல் பக்கத்து வாசலால் வெளியேறிவிடும். கிட்டே இருப்பது பூமியோடு சேர்ந்து நாளுக்கு ஒரு சுற்றாகச் சுற்றிக்கொண்டே கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் எல்லைக்கோடு உண்டு. சூரியன் சீறுகிற நாட்களில் அந்தக் கோடு பூமியை நோக்கி ஒடுங்கும். எவ்வளவு ஒடுங்கும், எத்தனை மணி நேரத்தில் ஒடுங்கும் என்பதைக் கம்பியூட்டரில் செய்து பார்ப்பதுதான் என் வேலை. முந்நூறு புள்ளிகளைப் பூமியைச் சுற்றித் தூவிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றையும் இருக்கும் இடத்துக்கேற்பத் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

தோட்டத்தில் இந்தச் செய்தி பரவி எனக்குப் 'புயல் மாஸ்டர்' என்று பேர் விழுந்துவிட்டது. ரேடியோ கரகரத்தால் என் வாசலில் ஆள் நிற்கும்.

"என்னாங்க மாஸ்டர், ரேடியோ பெட்டி இருமுது. இன்னக்கி ஒங்க புயலா?" என்று கேட்டார் பக்கத்துக் காம்பிராக்காரர்.

"இருக்கலாம்ணே."

"இந்தப் புயல்ல கூரத் தகரம் பறக்குங்களா?"

"பறக்காதுண்ணே."

"மரம் சாயுமா?"

"சாயாது."

"ஒரு கொழுந்துகூட ஆடாதுங்கிறீங்க. அப்பறம் அது என்னா மாஸ்டர் புயலு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் ஆராய்ச்சியைப் பற்றி அதைவிடச் சரியான விமர்சனம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

கோடு எப்படி இருக்கும் என்று அக்காவுக்கு ஒரு தாளில் வரைந்து காட்டினேன். நடுவில் பூமி. சுற்றிலும் ஒரு வளைவு. அந்தி விழும் பக்கத்தில் மட்டும் அது கூராக நீண்டிருக்கும். அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பேரிக்கா மாதிரி இருக்கு."

"ஆமாக்கா."

"பேரிக்கா வரையவா டிகிரி எடுத்த? நுவரெலியா சந்தையில கூட கூடயா கெடக்கே."

இனி அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்களில் ஒரு பகுதியை இந்தியா எடுத்துக்கொள்வதாக இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டிருந்தன. மாவுக்கும் மரவள்ளிக்கும் வரிசையில் நின்ற பஞ்ச காலத்தில், தோட்டமே இந்தியாவுக்குப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. அத்தானும் போட்டார், அக்கா பேரையும் பிள்ளை பேரையும் சேர்த்து. பஞ்சம் போனது. அத்தானும் போனார். கையெழுத்து மட்டும் போகாமல் எங்கோ ஒரு கந்தோரில், அதாவது அரசாங்க ஆபீசில் இருந்து, ஒருநாள் பாஸ்போர்ட்டாகத் திரும்பி வந்தது. அக்காவுக்கு இந்தியாவில் ஓர் ஈ காக்கையைக்கூடத் தெரியாது. அப்பாவின் அப்பா எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதுகூட எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது.

ஹட்டனில் பெட்டிசம், அதாவது மனு, எழுதுகிற ஒருவரிடம் போனோம். புருஷன் இறந்துவிட்டார், தம்பியோடு இருக்கிறேன், என் பேரையும் மகள் பேரையும் எடுத்துவிட்டு இங்கேயே இருக்க விட வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் டைப் அடித்துக் கொடுத்தார். அக்கா கையைச் சேலையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தமிழில் கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்தின் வால் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. "அழிச்சிட்டுப் போடவா?" என்று கேட்டாள். வேண்டாம், நன்றாக இருக்கிறது என்றேன். பெட்டிசக்காரர் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். மடிக்காமல் கொண்டு போக வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் கொழும்புக் கந்தோரில் கையில் கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு வாங்கமாட்டார்கள்.

அதே வெள்ளிக்கிழமைதான் எனக்குக் கம்பியூட்டரில் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். ஒரே பயணத்தில் இரண்டு காரியம் என்று எனக்குப் பெருமை வேறு. தேயிலை சாம்பிள் அனுப்புகிற பலகைப் பெட்டி ஒன்றில் அட்டைகளை அடுக்கியிருந்தேன். மனு மடங்காமல் இருக்க, பெட்டியின் அடியில் அதை வைத்து, மேலே அட்டைக் கட்டைத் தூக்கி வைத்தேன். வியாழன் மத்தியானம் கோச்சியில், அதாவது ரயிலில், கொழும்புக்குப் போய், கூடப் படித்த ஒருவனின் அறையில் தங்கினேன்.

வெள்ளி காலை எட்டு மணிக்குக் கம்பியூட்டர் கட்டடம். கந்தோர் அங்கிருந்து கால் மணி நேர நடை. ஆப்பரேட்டர் எங்கள் மலைப்பக்கத்துக் கினிகத்தேனைக்காரர், தமிழும் சிங்களமும் கலந்து பேசுகிறவர். அட்டைக் கட்டை வாங்கிக்கொண்டு, "மல்லி, பத்து மணிக்கு வாங்க, பேப்பர் ரெடி" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அப்போதே போய் வந்திருக்கலாம். கட்டை ஒரு தடவை மெஷினில் ஓட்டுவதை ரன் என்பார்கள். முதல் ரன்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு வந்தது. ஓரிடத்தில் அடைப்புக்குறி மூட மறந்திருந்தேன். கம்பியூட்டர் ஒரு வரி அடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. ஓர் அட்டையை மாற்றித் துளைத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு மணிக்கு அடுத்தது வந்தது. ஒரு கழித்தல் குறி விட்டுப்போனதில் என் முந்நூறு புள்ளிகளும் தலைகீழாகக் கிளம்பி, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருட்டுக்குள் ஓடியிருந்தன. "மல்லி, போய் சோறு தின்னுட்டு வாங்க. மெஷின் ஓடிப் போகாது" என்றார் ஆப்பரேட்டர். நான் அசையவில்லை. இன்னும் ஒரே ஒரு ரன்.

பெட்டி காலியாக என் காலடியில் இருந்தது. அட்டைகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டதால் மனு அடியில் மல்லாந்து கிடந்தது, அக்காவின் கையெழுத்து மேலே பார்த்தபடி. அதை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் உங்களுக்கும் எனக்கும் வசதியாக இருக்கும். பார்த்தேன். 'இதோ, ஒரு ரன்தான்' என்று அதனிடம் மனதுக்குள் சொல்லவும் செய்தேன். காகிதம் பொறுமையாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் எல்லாமே எனக்காகப் பொறுமையாக இருந்து பழகியவை.

கடைசி ரன் வந்தது. அகலத் தாளில், புள்ளியும் நட்சத்திரமுமாக, மணிக்கு ஒரு படம். முதல் மணியில் பெரிய பேரிக்காய். அடுத்ததில் கொஞ்சம் சின்னது. அடுத்ததில் இன்னும் சின்னது. கோடு உள்ளே ஒடுங்க ஒடுங்க, அதுவரை நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளியே மாட்டிக்கொண்டு, பகல் வாசலை நோக்கி நீண்ட வரிசையில் இழுபட்டுப் போயின. பேராசிரியர் சொன்னதும் அதுதான், நான் எதிர்பார்த்ததும் அதுதான். ஆப்பரேட்டரின் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். அந்த மனிதரும் என்னவென்று தெரியாமலேயே சிரித்தார். அவர் தலைக்கு மேல் சுவரில் இருந்த மணிக்கூடு மூன்றரை காட்டியது.

ஓடினேன். கந்தோர் வாசலில் காவல்காரர் கதவுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வா என்று கையால் காட்டினார். மனுவைப் பழையபடி பெட்டியின் அடியில் வைத்து, அட்டைக் கட்டை மேலே ஏற்றினேன்.

சனிக்கிழமை காலைக் கோச்சியில் திரும்பினேன். ஹட்டனில் ஏறிய பஸ்ஸை விட்டு இறங்கும்போது மழை. தோட்டத்துக்கு இரண்டு மைல் ஏற்றம். என்னிடம் ஒரு கோட்டுதான் இருந்தது. அதைக் கழற்றிப் பேரிக்காய்ப் படங்களைச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தோளில் சுமந்து நனைந்துகொண்டே போனேன். வாசலில் அக்கா துண்டோடு நின்றாள்.

"குடுத்தியா?"

"குடுத்துட்டேன்."

"என்னா சொன்னாங்க?"

"பாத்துட்டு எழுதுறோம்னாங்க."

பொய் சொல்ல முன்கூட்டி யோசிக்கவே இல்லை, அது தானாக வந்தது. திங்கட்கிழமை போய்க் கொடுத்துவிட்டால் இது பொய்யாகவே இருக்காது என்று ஒரு கணக்கு. அக்கா என் தலையைத் துவட்டினாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். மேல் பலகை இடுக்கில் தண்ணீர் இறங்கி அட்டைகள் ஊறி உப்பியிருந்தன. உப்பிய அட்டை கம்பியூட்டர் வாயில் சிக்கிக் கிழியும். இன்னும் பத்து விதமான புயலை அதே அட்டைகளை வைத்து ஓட்ட வேண்டியிருந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"இதுக்கு ஏன்டா எழவு வீடு மாதிரி ஒக்காந்துருக்க? கொண்டா இங்க. மத்தியான வேலைக்குப் போறப்ப ஸ்டோருக்குக் கொண்டு போறேன். டிரையருக்குப் பக்கத்துல தட்டுல பரப்பி வச்சா ஒரு மணி நேரத்துல மொரமொரன்னு ஆயிரும். டீமேக்கர் ஐயாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். நான் கட்டிலில் படுத்துப் பேரிக்காய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தாள். பெட்டிக்குள் எல்லா அட்டையும் நன்றாகக் காய்ந்து, தேயிலை மணத்தோடு, நாலு கட்டாக வாழைநாரில் கட்டியிருந்தது. என் கட்டு ஒன்று. அது நாலாக இருந்தது.

"இது என்னாக்கா?"

"பரப்புனதுல கலஞ்சிருச்சு. அதான் பிரிச்சு வச்சேன். இது ஓட்ட நெறைய உள்ளது. இது நடுத்தரம். இது ஒண்ணு ரெண்டு ஓட்ட, தூளு மாதிரி. இந்தக் கட்டுல ஓட்டையே இல்ல, தண்டுன்னு நெனச்சேன், ஒன்னயக் கேட்டுட்டு வீசலாம்னு வச்சிருக்கேன்."

அறுநூறு அட்டையையும், துளைகளைக் கண்ணாலேயே அளந்து, அவள் தொழில் முறைப்படி சுத்தமாக ரகம் பிரித்திருந்தாள். ஒன்றுகூட ரகம் மாறவில்லை. துளையே இல்லாதவை, பகுதிக்குப் பகுதி அடையாளத்துக்காக நான் இடையில் செருகியிருந்த வெற்று அட்டைகள். நான் பிறகு சரிபார்த்தேன். உலகத்தில் வேறெங்கும் ஒரு புரோகிராமுக்கு அந்தக் கதி வந்திருக்காது. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று கத்தினேன். அறிவில்லையா என்றேன். என் ஒரு வருட உழைப்பை ஒரு மணி நேரத்தில் குப்பையாக்கிவிட்டாய் என்றேன். ஒரு பொருளை உன்னை நம்பிக் கொடுத்தால் இப்படித்தானா என்றும் கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன், அவளிடம்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரிஞ்ச வேலையத்தான செஞ்சேன்" என்றாள். செய்த தப்புக்கு வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மறுபடி கொழும்பு. கிளம்பும்போது பெட்டியைக் கவிழ்த்து மனுவை எடுத்தேன். அடியிலேயேதான் இருந்தது. மடிப்பில்லாமல், அப்பளம் மாதிரிக் காய்ந்து, லேசாகத் தேயிலை வாசத்தோடு. அவ்வளவு அட்டையும் ஊறிப்போன பெட்டியில் அந்த ஒரு தாள் மட்டும் எப்படி அப்படி இருந்தது என்ற கேள்வி பௌதிகப் பட்டதாரிக்கு எழவில்லை.

கந்தோரில் இருந்த கிளாக்கர் நல்ல மனிதர். மனுவை முழுவதும் வாசித்தார். பிறகு, "மல்லி, இது வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டதே" என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். நான் ஏதேதோ சொன்னேன். மழை என்றேன், கோச்சி தாமதம் என்றேன். கம்பியூட்டர் என்று மட்டும் சொல்லவில்லை. கடைசியில் அவர் மனுவை வாங்கி, வந்த தேதியை முத்திரை குத்தி, ஒரு குவியலின் மேல் வைத்தார். குவியல் உயரமாக இருந்தது.

அட்டைகளைத் திரும்ப வரிசைப்படுத்த எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வோர் அட்டையாக எடுத்து, இது எதற்குப் பிறகு வரும் என்று யோசித்து யோசித்து அடுக்கினேன். ஒரு மாலை, கோடு ஒடுங்குகிற பகுதியின் அட்டைகள் கையில் வந்தன. அந்தப் புள்ளிகள் புயலுக்கு முன் எங்கே இருந்தனவோ, புயல் தொடங்கியபோதும் அங்கேயேதான் இருந்தன. அசைந்தது கோடு. முந்தாநாள் வரை உள்ளே இருந்தது இன்று வெளியே. அவ்வளவுதான் கணக்கு. அதை எழுதியவன் நான். அடுக்களையில் அக்கா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அதற்கு மேல் ஓர் அட்டைகூட அடுக்க முடியவில்லை.

குறித்த நேரத்தில் கொடுத்திருந்தால் மட்டும் பேரை எடுத்திருப்பார்களா? தெரியாது. நிறையப் பேருக்கு எடுக்கவில்லை. இத்தனை வருடமாக நான் சாய்ந்துகொள்கிற சுவர் அது ஒன்றுதான், அதுவும் அவ்வளவு உறுதியான சுவர் இல்லை.

ஐந்து மாதத்தில் பயணத் தேதி வந்தது. மனுவுக்குப் பதில் வரவில்லை. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவளை நீலகிரியில், கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியேற்றினார்கள். அங்கேயும் தேயிலை சலிக்கிற வேலைதான். சில வருடங்களில் ராமேஸ்வரம் போகிற கப்பலும் நின்றுவிட்டது. எனக்கு மேல்பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டில் பேரிக்காய் ஆறு வெவ்வேறு அளவுகளில் அச்சாகியிருக்கிறது. முன்பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் பேராசிரியர் பேர் இருக்கிறது, ஆப்பரேட்டர் பேர் இருக்கிறது.

ஹட்டன் ஸ்டேஷனில் அவள் புறப்பட்ட அந்தக் காலைதான் சொல்லப் பாக்கி. கோச்சி வருவதற்கு முன்பே பிளாட்பாரம் முழுக்க அழுகை. ஒவ்வொரு டிரங்குப் பெட்டியிலும் வெள்ளைப் பெயிண்டில் பேர் எழுதியிருந்தது. பக்கத்துக் காம்பிராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாஸ்டர், இதுதான் புயலு" என்றார். அக்கா அழவில்லை. என் சாம்பிள் பெட்டியை மகளின் சாமான்களுக்குக் கேட்டு வாங்கியிருந்தாள். அதற்குள் துளையே இல்லாத அந்தக் கட்டு அட்டைகளையும் வைத்திருந்தாள், கடிதம் எழுத ஆகும் என்று. கோச்சி வந்து அவர்கள் ஏறியதும் நானும் கூடவே ஏறி, பெட்டியின் கயிற்றை இறுக்கிக் கொடுக்கக் குனிந்தேன். கோச்சி கூவியது. சொல்ல வேண்டுமென்று ஐந்து மாதமாக வைத்திருந்ததைக் குனிந்தபடியே சொன்னேன்.

"அக்கா, அந்தப் பெட்டிசத்த நான் வெள்ளிக்கெழம குடுக்கல. பொய் சொன்னேன்."

அவள் மகளை ஜன்னலோரமாகத் தள்ளி உட்காரவைத்து, பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"தெரியும்டா. நாந்தான காயப்போட்டேன்."